ஈரக் கொம்பு

பல் டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, கொடுத்த காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்த பிறகுதான், என் அப்பா எழுதி வைத்த பலகை தவறு என்று சொன்னார். காபிக்கு முன்னால் சொல்லியிருந்தால் காபி கிடைத்திருக்காது. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் கள்ளி வளர்ப்போர் சங்கத்தின் புதிய செயலாளர். சின்ன வயது, நிதானமான பேச்சு. அந்தச் சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர் என் அப்பா. வருடாந்திரக் கண்காட்சியின் முதல் மேசையில், எங்கள் வீட்டுத் தூண் கள்ளியிலிருந்து எடுத்து வளர்த்த தொட்டிச் செடி ஒன்று எப்போதும் இருக்கும். அதன் முன்னால் ‘மலைத் தூண்’ என்று ஓர் அட்டை. கீழே வாயில் நுழையாத லத்தீன் பெயர். எங்கள் தோட்டத்தில் தாய்ச்செடியின் காலடியில் ஒரு தகரப் பலகை நிற்கிறது. அதில் அப்பா வெள்ளை பெயிண்டால் எழுதியதை அப்படியே பார்த்து எழுதிய அட்டை அது.

“ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார் டாக்டர். “அது மலைத் தூண் இல்லை. வேலித் தூண்.”

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே தூண் போல நெட்டுக்கு நிற்கிற கள்ளிகள்தான். இரண்டும் நீலம் பூசினாற்போன்ற பச்சை. மலைத் தூண் உயரமான குளிர் மலைகளில் வளர்வது, கிடைப்பது அரிது. வேலித் தூண், காலி மனைக்குள் மாடு நுழையாமலிருக்க வரிசையாக நட்டுவிட்டு மறந்துபோகிற செடி. என் அப்பா அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். தெருவில் நடக்கும்போதுகூடக் கடைப் பலகைகளைத் திருத்திக்கொண்டே நடப்பார். முடி திருத்துபவர் தன் பலகையில் ஒரு துணைக்கால் விட்டுப்போனதைச் சரிசெய்யும் வரை அப்பா அந்தக் கடையில் தலையைக் கொடுக்கவில்லை. வேலியில் நிற்பதை மலை என்று எழுதிவைக்கிற ஆள் அல்ல அவர்.

“எதை வெச்சுச் சொல்றீங்க?” என்று கேட்டேன்.

“விலாவை வெச்சு.” தூணில் மேலிருந்து கீழாக ஓடும் மடிப்புகளைச் சங்கத்தில் விலா என்போம். “மலைத் தூணுக்கு விலா கொழுகொழுன்னு உருண்டையா இருக்கும். உங்களோடது ஒல்லியா, ஆழமா இருக்கு. குறுக்கே வெட்டினா நட்சத்திரம் மாதிரி தெரியும். அப்புறம், முள்ளு முளைக்கிற பஞ்சுப் புள்ளிக்கு மேல ஒரு சின்னப் பள்ளம் இருக்கணும், நகத்தால கீறின மாதிரி. இதுல இல்லை.”

“நிழல்ல வளர்ந்தா எந்தக் கள்ளிக்கும் விலா ஒல்லியாத்தான் இருக்கும். பள்ளம் எல்லாச் செடியிலயும் வராது.”

“வாஸ்தவம்தான். அதனாலதான் பூவைக் கேக்கறேன். பூவோட கழுத்துல முடி இருந்தா மலை. வழவழன்னு இருந்தா வேலி. அதுக்கு மேல வாதமே இல்லை. உங்க செடி எப்போ பூக்கும்?”

“பூத்ததில்லை.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே.”

அவர் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தார். “இவ்வளவு வயசான செடி பூக்கலைன்னா யாரோ முனையை வெட்டிக்கிட்டே இருக்காங்கன்னு அர்த்தம். வளர்ந்து உசந்த முனையிலதானே பூ வரும்?”

வாயைத் திறக்கச் சொல்வது அவர் தொழில். திறக்காமல் இருப்பது என் விருப்பம்.

“கண்காட்சிக்கு அட்டை அச்சடிக்கணும் ஐயா. பூவைப் பாக்காம நானா எதையும் மாத்த மாட்டேன். ஆனா சந்தேகத்தோட அச்சடிக்கவும் மனசு வரலை. இந்த வருஷம் முதல் மேசையைக் காலியா விட்டுடலாமான்னு கமிட்டியில பேச்சு.”

“பூ வந்தா பேசுவோம்,” என்று எழுந்தேன். நான் எழுந்தால் வந்தவர்களும் எழுந்துவிடுவது வழக்கம். அவரும் எழுந்தார்.

“பல்லைப் பாக்க வந்தவங்க வேரையே ஆட்டிப் பாத்துட்டுப் போறாங்க,” என்றாள் என் மனைவி, கோப்பையை எடுத்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பா தொடங்கிய சங்கத்தில், என் அப்பாவின் மேசை காலியாக இருக்கப்போகிறது.

அன்று மாலை தோட்டத்தில் நாற்காலியைப் போட்டு அந்தச் செடியின் எதிரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதைப் பார்த்தாலும் நேராக நிற்கிறதா என்றுதான் முதலில் கண் போகும். என் முதுகும் இன்றுவரை அப்படித்தான். செடி நேராகத்தான் நின்றது. அதன் முனையை யாரோ வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். அந்த யாரோ நாங்கள்தான்.

நான் பள்ளியில் படித்தபோது ஒரு புயலில் தூணின் தலை முறிந்துபோனது. அப்பா ரொட்டி வெட்டுகிற கத்தியால் முறிவைச் சமமாக அறுத்து, கரித்தூள் தடவிவிட்டார். சில மாதங்களில் வெட்டுக்குக் கீழே சுற்றிலும் நாலு முளை வந்தது, நாலு கை நீட்டியது போல. “நமக்கும் நாலுதான்,” என்றாள் அம்மா. அப்பா உடனே பாகம் பிரித்தார். கிழக்குக் கை அக்காவுக்கு, தெற்கு எனக்கு, மேற்கு தம்பிக்கு, வடக்கு கடைக்குட்டிக்கு. கடைக்குட்டியை நாங்கள் வாலு என்று கூப்பிடுவோம். காரணம் சொல்லத் தேவையில்லை.

“எனக்கு மட்டும் வெயில் வராத பக்கமா?” என்று வாலு இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்.

“வெயில் வேணும்னா அது தானா மேல போகும்,” என்றார் அப்பா. “உன்னை மாதிரி.”

அவரவர் கையை அவரவர் அளந்தோம். வாலு தன்னுடையதற்கு ரிப்பன் கட்டிவைத்தாள். மழைக்காலத்தில் விலாக்கள் உப்பி, கோடையில் உள்வாங்கி, அந்தக் கைகள் மூச்சுவிடுவது போலிருக்கும். பள்ளி விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு முதலில் போய் நிற்பது அங்கேதான். ‘என் கைக்குப் புது முள் வந்திருக்கு’ என்று ஒருவர் சொன்னால், மற்ற மூவருக்கும் அன்று சாப்பாடு இறங்காது.

அக்காவின் கல்யாணம் நிச்சயமானபோது அந்த வழக்கம் தொடங்கியது. அப்பா கிழக்குக் கையின் முனையை ஒரு முழ நீளம் வெட்டினார். வெட்டிய கொம்பை உடனே நடக்கூடாது. வெட்டு முகம் ஈரமாக இருக்கும். மண்ணில் வைத்தால் அழுகிவிடும். காற்றோட்டமான நிழலில் நிறுத்திவைத்து, வெட்டு ஆறி, முரசுத் தோல் போல இறுகிய பிறகுதான் மண்ணைக் காட்ட வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். படுக்கவும் வைக்கக்கூடாது, வெளிச்சத்தைத் தேடிக் கொம்பு வளைந்துவிடும். அப்பா அதை அச்சகத்திலிருந்து கொண்டுவந்த பழைய மரப்பெட்டியில் நிமிர்த்தி, கூடத்துப் புத்தக அலமாரியின் மேல் வைத்தார்.

பத்திரிகை அடித்தபோதும், புடவை எடுத்தபோதும், அக்கா போகப்போகிறாள் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. அலமாரி மேல் கொம்பு நின்ற அன்றுதான் உறைத்தது. அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் சமையலறைக்குள் போய்விடுவாள். புறப்படும் நாளில் அப்பா அதைப் பழைய ப்ரூஃப் தாள்களில் சுற்றி, அக்காவின் மடியில் வைத்தார். “தண்ணியைக் குறைச்சு ஊத்து,” என்றார்.

பிறகு எனக்கு வெளியூரில் வேலை கிடைத்தபோது தெற்குக் கை. ரயிலில் மடியில் கொம்பை வைத்துக்கொண்டு, சுற்றியிருந்த ப்ரூஃப் தாளில் அப்பாவின் சிவப்பு மைத் திருத்தங்களை ஊர் போய்ச் சேரும் வரை படித்துக்கொண்டே போனேன். தம்பி கடல் கடந்து போனபோது மேற்கு. அவன் தண்ணீர் ஊற்றி ஊற்றியே அதைக் கொன்றுவிட்டு, பிரேதப் பரிசோதனை செய்தவன் போல ஒரு விளக்கமும் எழுதினான். அப்பா அடுத்த கொம்பை அனுப்பினார். அதன் பிறகு அத்தை மகன், தெருக்கோடி வாத்தியார், சங்கத்தில் கேட்டவர்கள் என்று வீட்டைவிட்டு, தெருவைவிட்டு யார் கிளம்பினாலும் அந்த மூன்று கைகளிலிருந்து ஒரு கொம்பு போகும். வெட்டிய இடத்தில் முளை வரும். அது ஒரு முழம் வளர்வதற்குள் வேறு யாராவது கிளம்பிவிடுவார்கள். போனவர்கள் எல்லாம் அதை ஜன்னலோரத் தொட்டிகளில் குட்டையாகவே வைத்திருந்தார்கள். எங்கேயும் பூக்கவில்லை. பூவைப் பற்றி யாரும் நினைக்கவும் இல்லை. எங்களுக்கு அது பூச்செடி அல்ல.

வாலு போனது வேறு மாதிரி.

அப்பாவுக்கு மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போவது அவள் வேலை. அங்கே எழுத்துக் கோக்கும் ஒருவன் இருந்தான். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பக்கமாக அடுக்குவது அவன் தொழில். அவன் அடுக்குவதில் பிழை பிடிப்பது அப்பாவின் தொழில். “அவன் ஒரு பக்கம் கோத்தா எனக்கு ஒரு புட்டி சிவப்பு மை,” என்பார் சாப்பிடும்போது. வாலு அப்போது தலையைக் குனிந்துகொண்டு பரிமாறுவாள். அவள் தலை குனிகிற பெண் அல்ல என்பதை நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

நான் விடுமுறையில் வந்திருந்த ஒரு காலை. அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாலு ஒரு பையோடு வந்து நின்றாள்.

“நான் போறேன்பா.”

“எங்கே?” அப்பா தலை நிமிரவில்லை.

“உங்களுக்குத் தெரியும்.”

“என் கையால தினமும் சிவப்பு மை வாங்கறவன்கிட்டயா?”

“அவரு தப்பு பண்ணாதான்பா உங்களுக்கு வேலை.”

வேறு நாளாக இருந்தால் அப்பாவே சிரித்திருப்பார். வாலு அலமாரியின் மேல் பார்த்தாள். அங்கே வெறும் மரப்பெட்டி இருந்தது.

“எனக்குக் கொம்பு?”

“முன்னாடியே சொல்றவங்களுக்குத்தான் கொம்பு. ஈரக் கொம்பைக் கொண்டுபோய் நட்டா அழுகிடும். உனக்குத் தெரியாதா?”

“சரி. வெட்டி வைங்க. காயற வரைக்கும் காத்திருந்து வாங்கிக்கறேன்.”

அப்பா ஒரு பக்கத்தைத் திருப்பினார். வாலு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தோட்டம் வழியாகப் போனாள். போகிறபோது வடக்குக் கையின் ரிப்பனை அவிழ்த்து எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அந்தக் கையில் யாரும் கத்தி வைக்கவில்லை. அப்பா அப்படி ஒன்றும் உத்தரவு போடவில்லை. உத்தரவு இல்லாமலே நடப்பதுதான் எங்கள் வீடு. அப்பா காலமான பிறகு நான் குடும்பத்தோடு இங்கே திரும்பி வந்தேன். வந்த பிறகும் அப்படியே விட்டேன், அந்தப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்ததும் இல்லை. அவர் ஒரு பக்கத்தைத் திருப்பிவிட்டார் என்றால் நான் அதைப் பின்னால் திருப்ப முடியாது. என் மனைவி வாலுவோடு போனில் பேசுவது எனக்குத் தெரியும். அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள், நான் பேப்பரை விரித்துக்கொள்வேன். இத்தனை வருடமாக மரியாதை அப்படித்தான் காப்பாற்றப்பட்டு வந்தது.

டாக்டர் வந்துபோன மறுவாரம், அடுத்த வீட்டுத் தையல்காரம்மா வேலியருகே நின்று கூப்பிட்டார். அவர் தன் வீட்டுக்கு மாடி கட்டி, தையல் மெஷினை அங்கே ஜன்னலோரம் போட்டிருக்கிறார்.

“சார், இந்த வருஷம் எத்தனை மொட்டுன்னு பாத்தீங்களா?”

“எதுல?”

“உங்க கள்ளியிலதான்.”

“அது பூக்காதும்மா.”

தையல்காரம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், காலர் அளவு எடுப்பது போல. “என்ன சார் சொல்றீங்க? எங்க மாடி கட்டினதுலேர்ந்து வருஷா வருஷம் பாக்கறேன். உங்க மொட்டைமாடித் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒரு கொம்பு மட்டும் ஒசரமா போகுதே, அதுல. விடியக்காலையில பாத்தா வெள்ளை வெளேர்னு தாம்பாளம் மாதிரி இருக்கும். வெயில் வந்ததும் சுருங்கிடும். உங்க வீட்டுப் பூவை நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்கறதா?”

நான் உள்ளே போய் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“ஆமா, பூக்குது.”

“உனக்குத் தெரியுமா?”

“துணி காயப்போடறது யாரு? நீங்களா?”

“சொல்லியிருக்கலாமே.”

“எதுக்கு? அந்தப் பக்கம் பாக்கக்கூடாதுங்கறது இந்த வீட்டுச் சட்டம். நான் வந்த வீட்டுச் சட்டத்தை மீறுவேனா?” என்று சொல்லிவிட்டு, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான்.

என் முட்டிகள் மாடிப்படியோடு பேச்சுவார்த்தையை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. இருந்தும் ஏறினேன். அவள் பின்னாலேயே வந்தாள், நான் விழுந்தால் பிடிப்பதற்கு அல்ல, விழுவதைப் பார்ப்பதற்கு என்று சொல்லிக்கொண்டே. தொட்டியைச் சுற்றிப் போய் நின்றேன்.

வடக்குக் கை வீட்டின் சுவரை ஒட்டியே ஏறி, மொட்டைமாடிச் சுவரையும் தாண்டி, என் தலைக்கு மேல் போயிருந்தது. வெயிலைத் தேடித் தானாக மேலே போயிருந்தது. விலா விளிம்பில் மூன்று மொட்டுகள். ஒன்று கைவிரல் நீளத்துக்கு நீண்டு, நுனி பருத்து, நாளை திறக்கிற பக்குவத்தில் இருந்தது.

அதன் கழுத்தைத் தொட்டேன். ஒரு ரோமம் இல்லை. பீங்கான் போல வழவழவென்று இருந்தது.

கீழே வந்து, உட்காராமல், நானே டாக்டருக்குப் போன் செய்தேன். மறைத்திருக்கலாம். மூன்று மொட்டையும் கிள்ளிப்போட்டிருந்தால் அப்பாவின் அட்டை இன்னும் பல வருடம் அந்த மேசையில் இருந்திருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் பிழையை யாரும் மறைத்ததில்லை. “நாளைக்கு வெயில் வர்றதுக்கு முன்னாடி வாங்க,” என்றேன். “பூ யாருக்காகவும் காத்திருக்காது.”

காலையில் டாக்டர் வந்தபோது பூ முழுதாகத் திறந்திருந்தது. வெள்ளை இதழ்களுக்கு வெளியே இளஞ்சிவப்பு விளிம்பு. நடுவில் மகரந்தக் கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தையல்காரம்மா எதிர் ஜன்னலில் நின்று, தான் வளர்த்தது போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் பூவின் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். வெற்றி பெற்றவர் போல் அவர் முகம் இல்லை. அதற்காக அவரை மன்னித்தேன்.

“வேலித் தூண்தான் ஐயா.”

“தெரியும். நேத்தே தெரியும்.”

வடக்குக் கையைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் குனிந்தார். “இதை யாரு கட்டினது?”

அந்தக் கையை மொட்டைமாடிச் சுவரிலிருந்த இரும்புக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. ஒரு கட்டு அல்ல. சுவருக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று, அதற்கும் மேலே ஒன்று. கை வளர வளர யாரோ ஏறி வந்து ஏணிப்படி போலக் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். மெழுகு பூசிய மெல்லிய கயிறு. ஈய எழுத்துகளைப் பக்கமாக அடுக்கிய பிறகு கலையாமல் சுற்றிக் கட்ட அச்சகத்தில் வைத்திருக்கும் கயிறு அது. முடிச்சுப் போட மாட்டார்கள்; நுனியை உள்ளே செருகிவிடுவார்கள். இங்கேயும் முடிச்சு இல்லை. செருகல்தான்.

“மேல் கட்டைப் பாருங்க,” என்றார் டாக்டர். “ரெண்டு பக்கமும் தக்கை வெச்சுக் கயிறு உடம்பைத் தொடாம தூக்கிக் கட்டியிருக்காங்க. நடுவுல இருக்கற இந்தத் தழும்பு, பூ உதிர்ந்த இடம். மொட்டு நசுங்கக்கூடாதுன்னு இவ்வளவு கவனமா கட்டியிருக்காங்க. அப்படின்னா கட்டினப்போ அங்கே மொட்டு இருந்திருக்கு. கயிறு நைஞ்சு போயிருக்கறதைப் பாத்தா ரொம்ப வருஷம் ஆகியிருக்கும்.”

தழும்பு மரம் போல இறுகியிருந்தது. அதன் இரு பக்கமும் மைப் புட்டியின் தக்கை இரண்டு. ஒன்றின் ஓரத்தில் இன்னும் சிவப்பு இருந்தது.

“மாமா சாயங்காலமானா மாடிக்கு வருவாருன்னு அத்தை சொல்வாங்களே,” என்றாள் என் மனைவி மெதுவாக. “தொட்டி மூடி திறந்து கிடக்கான்னு பாக்க.”

“அந்த மூடிக்குப் பூட்டு உண்டு,” என்றேன்.

வயதான காலத்தில் அப்பா இந்தப் படிகளில் ஏறி வந்திருக்கிறார். மகளின் கையை ஒடியாமல் கட்டியிருக்கிறார். மொட்டைப் பார்த்திருக்கிறார். மொட்டின் வழவழப்பான கழுத்தையும் பார்த்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் ஒரு புள்ளி பிசகினால் விடாத மனிதர், கீழே தோட்டத்தில் தன் கையெழுத்தில் நின்ற பிழையை மட்டும் திருத்தாமல் விட்டார். திருத்தினால், எப்படித் தெரிந்தது என்று அம்மா கேட்டிருப்பாள். அந்தப் பக்கம் பார்த்தேன் என்று சொல்லவேண்டி வந்திருக்கும்.

டாக்டர் தயங்கிக்கொண்டே கேட்டார். “அட்டையில என்ன போடட்டும் ஐயா?”

“வேலித் தூண்னு போடுங்க. கீழே, திருத்தியது செடியின் வீட்டார்னு போடுங்க. பொடி எழுத்துல இல்லை. தெரியற மாதிரி.”

“முதல் மேசையிலதானே?”

“வேற எந்த மேசையில?”

அவர் சிரித்துவிட்டார். நானும் ஏறக்குறைய சிரித்தேன்.

அன்றே சிவப்புப் பெயிண்ட் வாங்கிவந்து தகரப் பலகையின் முன் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். அப்பாவின் எழுத்தை அழிக்கவில்லை. அவர் செய்வது போலவே ‘மலை’ என்பதன் மேல் ஒரே கோடு கிழித்து, மேலே ‘வேலி’ என்று எழுதி, ஓரத்தில் அவர் போடும் திருத்தக் குறியையும் போட்டேன். பார்க்க நன்றாகவே இருந்தது. ஒழுங்கான ஒரு ப்ரூஃப் போல இருந்தது.

மொட்டுகள் எல்லாம் பூத்து உதிர்ந்த பிறகு, சமையலறையிலிருந்து ரொட்டிக் கத்தியை எடுத்தேன். எங்கே போகிறேன் என்று மனைவி கேட்கவில்லை. கரித்தூளை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். வடக்குக் கையின் முனையை ஒரு முழத்துக்கு வெட்டினேன். வெட்டு முகத்தில் ஒல்லியான விலாக்களோடு ஒரு நட்சத்திரம். அக்காவின் கொம்பிலும், என் கொம்பிலும் நாங்கள் பார்த்துக்கொண்டேயிருந்த அதே நட்சத்திரம்தான். அது எதைச் சொல்கிறது என்று யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

கூடத்து அலமாரியின் மேல் அந்த மரப்பெட்டி இன்னும் இருந்தது. என் மனைவியின் கண்ணாடிகளும் பழைய பூட்டுகளும் அதில் கிடந்தன. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கொம்பை அதில் நிறுத்தினேன்.

“நம்பர் போடு,” என்றேன்.

அவள் யாருடைய நம்பர் என்று கேட்கவில்லை. போட்டு, என் கையில் கொடுத்துவிட்டு, சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“சொல்லுங்க அண்ணி,” என்றது அந்தப் பக்கம்.

“நான்தான்.”

எங்கோ ஒரு ஜெராக்ஸ் மெஷின் ஓடுவது கேட்டது. அச்சகம் மூடிய பிறகு வாலுவும் அவள் கணவரும் ஜெராக்ஸ் கடைதான் வைத்திருக்கிறார்கள்.

“அண்ணா?”

“உன் கொம்பை வெட்டி அலமாரி மேல வெச்சிருக்கேன். வெட்டு ஆறணும். ஈரத்தோட நட்டா அழுகிடும்.”

“தெரியும்ணா.” குரல் கொஞ்சம் தேய்ந்துவிட்டு மறுபடி வந்தது. “அப்பா சொல்லியிருக்காரே.”

“மூணு வாரமாவது ஆகும்.”

“காத்திருக்கேன்னு அன்னிக்கே சொன்னேனே.”

“இன்னொரு விஷயம். அது மலைத் தூண் இல்லை. வேலித் தூண்தான். பலகையைத் திருத்திட்டேன்.”

“அப்பா எழுதினதையா?”

“ஆமா.”

பிறகு பழைய வாலு பேசினாள். “வேலின்னா நல்லதுதான்ணா. எங்க வீட்டுக்கு வேலியே இல்லை. பக்கத்து வீட்டு ஆடு உள்ளே வந்து இவரோட பேப்பரையெல்லாம் தின்னுட்டுப் போகுது. அது ஒண்ணுதான் இவர் எழுத்துல தப்பு சொல்றதில்லை.”

“அவரையும் கூட்டிட்டு வா,” என்றேன். “தனியா வந்தா சுமக்க முடியாது. முள்ளு.”

போனை வைத்த பிறகு, அலமாரிக்கு எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கொம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது போலப் பட்டது. உள்ளே போய், வேலை பார்த்த காலத்துத் தூக்குக் குண்டை எடுத்துவந்தேன். அலமாரியின் மேல் ஆணியில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, ஆட்டம் நிற்கும் வரை பிடித்திருந்து, கொம்பை நூலுக்கு நேராகத் திருப்பி நிறுத்தினேன்.